ஏழு குறில், ஒரு நெடில்: கப்பல் ஒத்திகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக் கீழ்த்தள வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலைந்து பையன்களாவது உட்கார்ந்திருப்பார்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர், நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். நவி மும்பையில் கடல்சார் பயிற்சிக்காக வந்து, தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் ஓடிக் கேப்டனாக ஓய்வு பெற்றவன் என்பதால், கப்பலில் நடத்தும் ஆபத்துக்கால ஒத்திகைகளைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். சில வாரங்களில் அவர்களுடைய அம்மாக்களும் கூடவே வருவதுண்டு. ஒரே பதிலைப் பலமுறை சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

அபாய மணி எப்படி ஒலிக்கும்? கேட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

குறைந்தது ஏழு குறுகிய ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. பள்ளியில் யாப்பு படித்தவர்களுக்கு நான் சொல்லும் வாய்பாடு: ஏழு குறில், ஒரு நெடில். கப்பலின் ஊதலிலும் உள்ளே இருக்கும் மணிகளிலும் இதே வரிசைதான். எந்தக் கொடி கட்டிய கப்பலானாலும் இது மாறாது.

கேட்டதும் உடம்பை மூடும் உடை, காலணி, தலைக்கவசம், லைஃப் ஜாக்கெட் ஆகியவற்றோடு உங்களுக்குக் குறித்த கூடுமிடத்துக்குப் போங்கள். செல்பேசியைத் தேடாதீர்கள். என்னோடு வந்த பயிற்சி மாலுமி ஒருவன் முதல் ஒத்திகையில் பெட்டியைப் பூட்டிவிட்டுப் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றான். அவனுக்காக இருபத்திரண்டு பேர் காத்திருந்தோம். கூடுமிடத்தில் தலையை எண்ணி முடிக்கும்வரை அடுத்த வேலை எதுவும் தொடங்காது.

மஸ்டர் லிஸ்ட் என்ற அட்டவணை கப்பலின் பல இடங்களில் ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் பதவிக்கு நேராக உங்கள் படகு எது, தீயின்போது உங்கள் வேலை எது என்று எழுதியிருக்கும். ஏறிய அன்றே, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அதைப் படித்துவிடுங்கள். பிறகு அறையிலிருந்து கூடுமிடம் வரை ஒரு முறை விளக்கில்லாமல், சுவரைத் தடவிக்கொண்டு நடந்து பாருங்கள். புகையில் கண் உதவாது.

எந்தெந்த ஒத்திகை, எத்தனை நாளுக்கு ஒரு முறை?

அடிப்படை, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதையடுத்து 1914-இல் அதன் முதல் வடிவம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அதன்பின் வந்த திருத்தங்களும்.

ஒவ்வொரு மாலுமியும் மாதம் ஒரு முறையாவது தீயணைப்பு ஒத்திகையிலும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையிலும் கலந்துகொள்ள வேண்டும். மாலுமிகளில் கால்வாசிப் பேருக்கு மேல் முந்தைய மாதம் அந்தக் கப்பலில் ஒத்திகை செய்யாதவர்கள் என்றால், துறைமுகம் விட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தியாக வேண்டும். மூடிய அறைக்குள் நுழைவதற்கும் மீட்பதற்குமான ஒத்திகை இரண்டு மாதத்துக்கு ஒன்று. இது 2015 ஜனவரி முதல் கட்டாயம். கப்பலை ஓட்டும் மேல்தளத்திலிருந்து சுக்கானை இயக்க முடியாமல் போனால் கீழே போய் நேரடியாகக் கப்பலைத் திருப்பும் ஒத்திகை மூன்று மாதத்துக்கு ஒன்று. எண்ணெய்க் கசிவுக்கும் கடற்கொள்ளைக்கும் தனித்தனி ஒத்திகைகள் உண்டு.

நாங்கள்தான் பயிற்சி நிலையத்தில் எல்லாம் செய்துவிட்டோமே, அண்ணாச்சி?

நீச்சல் குளத்தில் குதித்தீர்கள், கவிழ்ந்த ராஃப்டை, அதாவது உயிர்காக்கும் மிதவையை, நிமிர்த்தினீர்கள், புகை அறைக்குள் ஊர்ந்தீர்கள். அது அவசியம். அதனால்தான் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை உயிர்காப்பையும் தீயணைப்பையும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் கப்பலின் எந்த வால்வு இறுகிப்போயிருக்கிறது என்பது பேலாப்பூர் பயிற்சி நிலையத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

நான் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது நடந்தது இது. எங்கள் கப்பலில் மாதாமாதம் தீயணைப்பு ஒத்திகை அழகாக நடக்கும். இயந்திர அறையிலிருந்து பம்பை ஓட்டுவார்கள், இரண்டு குழாயில் தண்ணீர் பீறிட்டு வரும், படம் எடுப்போம், பதிவேட்டில் 'நன்றாக நடந்தது' என்று என் கையாலேயே எழுதுவேன். பதினோரு மாதம் எழுதினேன்.

பன்னிரண்டாம் மாதம் இயந்திர அறையிலேயே, எண்ணெய் சுத்திகரிக்கும் இயந்திரம் இருக்கும் பகுதியில் தீப்பிடித்தது. அங்கே தீ என்றால் அங்கிருக்கும் பம்பை ஓட்ட முடியாது. அதற்காகவே வேறு இடத்தில் அவசரத் தீயணைப்புப் பம்பு என்று ஒன்று இருக்கிறது. எங்களுடையது பின்புறம், சுக்கான் இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஓடிப்போய்க் கிளப்பினோம். மோட்டார் சுற்றியது, தண்ணீர் வரவில்லை. கடல்நீரை உறிஞ்சும் வால்வு துருப்பிடித்து அசையாமல் இருந்தது. ரத்தினகிரிக்காரரான வயதான ஆயிலர் (இயந்திர அறைத் தொழிலாளி) ஒருவர் கையில் தூக்கும் நுரையணைப்பான்கள் இரண்டை அடுத்தடுத்து அடித்துத் தீயை அடக்கினார். அவர் அந்த நேரத்தில் அங்கே நின்றது தற்செயல்.

பதினோரு ஒத்திகையில் ஒரு முறையாவது, 'தீ இயந்திர அறையில் என்று வைத்துக்கொள்வோம்' என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வால்வு பகலில், அமைதியான கடலில் மாட்டியிருக்கும். சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்று முதல், பதிவேட்டில் குறை ஒன்றும் எழுதப்படாத ஒத்திகையைக் கண்டால் எனக்கு வயிற்றைப் புரட்டும். கேப்டனான பிறகு என் அதிகாரிகளிடம் கேட்டது ஒன்றே: இன்று எது சரியாக வரவில்லை?

லைஃப்போட்டில் ஏறவே பயமாக இருக்கிறது. ஒத்திகையிலேயே ஆட்கள் இறக்கிறார்களாமே?

உண்மைதான். உயிர்காக்கும் படகே உயிரை வாங்கிய விபத்துகள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. பெரும்பாலும் படகைத் தொங்கவிடும் கொக்கிகளால். படகு தண்ணீரைத் தொடும் முன்பே கொக்கி திறந்துகொண்டால் உள்ளே இருப்பவர்களோடு சேர்ந்து விழும். பழைய வடிவக் கொக்கிகளைச் சோதித்து, தேறாதவற்றை மாற்ற வேண்டும் என்று விதி வந்தது. அதற்கான கடைசிக் கெடு 2019 ஜூலை 1. கொக்கி திறந்தாலும் படகு விழாமல் பிடிக்கும் தனிப் பட்டைகளும் இப்போது உண்டு.

ஆகவே பயப்படுவது தவறில்லை. பயந்து ஒதுங்குவதுதான் ஆபத்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. இறக்கும்போது உள்ளே ஆள் இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. முதலில் வெறும் படகை இறக்கி ஏற்றுங்கள், பிறகு ஆட்களை ஏற்றுங்கள். பின்புறச் சரிவிலிருந்து பாயும் படகென்றால் பெல்ட்டைக் கடைசி இழுப்புவரை இழுங்கள். தலை பின்பலகையில் ஒட்டியிருக்கட்டும்.

கொக்கியை மறுபடி மாட்டியபின் அது முழுமையாகப் பூட்டியதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விதிப்புத்தகத்தில் இந்த வரி இல்லாத கப்பலிலும் நான் அப்படித்தான் செய்தேன். ஒருவர் பார்த்தால் 'பார்த்தாயிற்று' என்பார். இருவர் பார்த்தால் ஒருவராவது நிஜமாகப் பார்ப்பார்.

மூடிய அறை ஒத்திகையில் இவ்வளவு கெடுபிடி ஏன்? சும்மா ஒரு தொட்டிதானே?

ஊரில் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி மயங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், மூன்றாவதாகத் தம்பி இறங்குவான். மூன்று பேரையும் பிணமாகத்தான் எடுப்பார்கள். கப்பலிலும் அச்சு அசலாக இதேதான். காப்பாற்றப் போனவர்கள் சாவது கப்பலின் மூடிய அறை விபத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

காரணம் எப்போதும் விஷவாயு என்று நினைக்காதீர்கள். எஃகு துருப்பிடிக்கும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் அடித்தொட்டி, நங்கூரச் சங்கிலி அறை, நிலக்கரியோ மரத்துண்டோ பழைய இரும்போ ஏற்றிய சரக்கறையின் படிக்கட்டு, எல்லாமே இப்படித்தான். வாசனை வராது, தொண்டை கமறாது. சாதாரணக் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் பத்துக்குக் கீழே போயிருந்தால், இரண்டு மூன்று மூச்சில் நினைவு தப்பிவிடலாம். கை ஏணியை விட்டுவிடும். கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

எனவே மூன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றை அளக்கும் மீட்டரை மேலே, நடுவே, அடியில் எனக் கயிற்றில் இறக்கி அளக்காமல் யாரும் நுழையக் கூடாது. வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே ஆள் விழுந்தால் அவர் செய்ய வேண்டியது மணியை அடிப்பது மட்டுமே. ஒத்திகையில் இந்த வாசல் ஆளைத்தான் நான் அதிகம் சோதிப்பேன். உள்ளே பொம்மையைப் போட்டுவிட்டு, 'உன் நண்பன் விழுந்துவிட்டான்' என்பேன். பத்தில் மூன்று பேர் ஒத்திகையிலேயே காலை உள்ளே வைத்துவிடுவார்கள். நல்ல மனம்தான், என்ன செய்ய.

இன்னொரு குழப்பம். அறைகளிலும் இயந்திர அறையிலும் ஆரஞ்சு நிறப் பையில் தொங்கும் சிறு சுவாசக் கருவி தப்பி ஓடுவதற்கு மட்டும். குறைந்தது பத்து நிமிடக் காற்று அதில் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு யாரையும் மீட்க இறங்கக் கூடாது. மீட்புக்குச் செல்பவர் முதுகில் சிலிண்டர் சுமக்கும் முழுக் கருவியைத்தான் அணிய வேண்டும். அதை அணிந்துகொண்டு உங்கள் கப்பலின் தொட்டி வாயில் நுழைய முடிகிறதா என்று என்றாவது பார்த்திருக்கிறீர்களா? ஒரு கப்பலில் எங்கள் போசனால், அதாவது தளத் தொழிலாளர்களின் மேஸ்திரியால், முடியவில்லை. சிலிண்டர் விளிம்பில் மாட்டிக்கொண்டது. சிரிப்பும் வந்தது, குலையும் நடுங்கியது.

இயந்திர அறையில் கார்பன் டை ஆக்சைடு திறந்துவிட்டால் தீ அணைந்துவிடும் அல்லவா?

அணையலாம். உள்ளே மனிதர் இருந்தால் அவரும் அணைந்துவிடுவார். வாயுவில் 85 விழுக்காடு இரண்டே நிமிடத்தில் உள்ளே பாய்ந்துவிடும். முன்னெச்சரிக்கை ஒலி குறைந்தது 20 விநாடி. எனவேதான் தலை எண்ணாமல் அந்தக் கைப்பிடியை யாரும் தொடுவதில்லை. கூடுமிடத்துக்குத் தாமதமாக வரும் ஒருவர் தீயணைப்பு முழுவதையும் நிறுத்தி வைக்கிறார்.

ஓய்வு நேரத்தில் ஒத்திகை வைத்தால் என்ன செய்வது?

24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அதை இரண்டு பகுதிக்கு மேல் துண்டாக்கக் கூடாது. ஒரு பகுதி ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒத்திகையும் ஓய்வைக் கெடுக்காதபடி நடத்தப்பட வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. இரவுக் காவல் முடித்துவிட்டுக் கண்சொக்க நிற்பவருக்குக் குழாயைக் கொடுத்து என்ன பயன்? ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்றரை மணிக்குத் தேநீருக்குப் பின் என்று கடிகாரம் வைத்தாற்போல நடத்துவதிலும் பயன் குறைவு. தீ நேரம் பார்த்து வராது. நாள், நேரம், இடம் மூன்றையும் மாற்றி மாற்றி வைப்பேன். எழுப்பப்பட்டவர்களுக்குக் காலையில் தூங்க நேரம் கொடுப்பேன்.

செய்யாத ஒத்திகையைச் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமே?

பையன்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது.

மறுப்பது எளிது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் கடன் இருக்கும், அடுத்த ஒப்பந்தம் இந்த அதிகாரியின் குறிப்பைப் பொறுத்திருக்கும். ஆனாலும் சில வழிகள் உண்டு. 'சார், பத்து நிமிடத்தில் சின்னதாகவாவது நடத்திவிடலாமா? நானே ஏற்பாடு செய்கிறேன்' என்று கேளுங்கள். மேலதிகாரிக்கு முகம் போகாமல் வேலையும் நடக்கும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இது பலித்திருக்கிறது. பலிக்கவில்லை என்றால், ஒவ்வொரு கம்பெனியும் கரையில் நியமித்திருக்க வேண்டிய பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். மேலிடத்தை நேரடியாக அணுகும் உரிமை அவருக்கு உண்டு. அவர் பெயரும் எண்ணும் கப்பலில் ஒட்டப்பட்டிருக்கும். எந்த மாலுமியும் அழைக்கலாம்.

பொய்க் கையெழுத்து நிற்பதும் இல்லை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஏறும் ஆய்வாளர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, 'இப்போது ஒரு ஒத்திகை நடத்துங்கள், பார்க்கிறேன்' என்பார். பன்னிரண்டு மாதப் பதிவு இருந்தும் படகை இறக்கத் தெரியவில்லை என்றால் கப்பலையே நிறுத்தி வைப்பார்.

மூத்த அதிகாரி தவறு செய்தால் சின்னப் பையன் சொல்லலாமா? மரியாதைக் குறைவாகாதா?

நம் வீடுகளில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கப்பலின் ஏணிக்குக் கீழேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சேபுருகே துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பயணிக் கப்பல் கிளம்பியது. முன்கதவு திறந்தே இருந்தது. மூட வேண்டியவர் தூங்கிப்போயிருந்தார். மூடியாகிவிட்டதா என்று யாரும் உறுதிசெய்யவில்லை. மேல்தளத்தில் இருந்தவருக்குத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவு நிலையைக் காட்டும் ஒரு விளக்கு வேண்டும் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள், கரை நிர்வாகம் தட்டிக் கழித்திருந்தது. விசாரணை அறிக்கை தூங்கியவரோடு நிற்காமல் நிர்வாகத்தின் மேல்தட்டு வரை அலட்சியம் பரவியிருந்ததாகச் சொன்னது. இப்படிப்பட்ட விபத்துகளின் விளைவாகத்தான் கப்பல்களின் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.எம். விதித்தொகுப்பு பிறந்து 1998 ஜூலை முதல் படிப்படியாகக் கட்டாயமானது. கரையிலிருக்கும் பொறுப்பாளரும் அதன் வழியே வந்தவர்தான்.

என் கப்பலில் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை பயிற்சி மாலுமிக்கும் இருந்தது. ஒருமுறை எங்கள் பண்டாரி, அதாவது சமையல்காரர், வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பின்சுவரில் பெயின்ட் அறை இருப்பதைச் சொல்லி நிறுத்தினார். அனுமதிச் சீட்டில் தலைமை அதிகாரியும் நானும் கையெழுத்திட்டிருந்தோம். அன்றிரவு அவருக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொன்னேன். அடுத்த மாதம் ஆபத்தைச் சுட்டிக்காட்டும் சீட்டுகள் முன்பைவிட இருமடங்கு வந்தன.

ஆங்கிலம் சரளமாக வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். கட்டளைச் சொற்கள் ஐம்பது அறுபதுதான். திரும்பச் சொல்லப் பழகுங்கள்: கேட்டதை அப்படியே உரக்கச் சொன்னால் சொன்னவருக்கும் புரிந்தது தெரியும். புரியாமல் தலையாட்டுவதைத்தான் எந்தக் கேப்டனும் மன்னிப்பதில்லை.

ஏப்ரல் 14 தீயணைப்பு நாளானது ஏன்? அதற்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு?

நமக்கு அன்று சித்திரை முதல் நாள். 1944-இல் அதே தேதியில் இங்கே விக்டோரியா டாக்கில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே வெடிமருந்தும் பருத்தி மூட்டைகளும் தங்கக் கட்டிகளும் இருந்தன. மதியம் இரண்டு மணிவாக்கில் புகை தெரிந்தது. நான்கு மணி தாண்டியதும் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அவர்களில் தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். அவர்கள் நினைவாகவே நாடு முழுவதும் தீயணைப்பு வாரம் நடக்கிறது.

அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் பையன்களிடம் சொல்வேன். கப்பலை வெளியே இழுப்பதா, மூழ்கடிப்பதா என்று உறுதியாக ஒருவர் முடிவெடுக்காமலே அந்த நேரம் போனது. இன்று எல்லாக் கப்பலிலும் வெளித்தளத்தில் சிவப்பு உருளைக்குள் கப்பலின் தீயணைப்பு வரைபடம் இருக்கும். கரையிலிருந்து ஓடிவரும் தீயணைப்புப் படைக்காக வைத்தது. துறைமுகத்தில் நிற்கும்போதும் ஒத்திகையில் அதை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நான் பிரித்த ஒன்றில் மழைநீரில் ஊறிய காகிதக் கூழ்தான் இருந்தது.

கேரளக் கடலில் கப்பல் எரிந்ததை டிவியில் பார்த்தோம். என் மகன் பத்திரமாக இருப்பானா, சார்?

அம்மா, யாராலும் உறுதி தர முடியாத கேள்வி இது. 2025 மே மாதம் கொச்சி அருகே 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியபோது அதிலிருந்த 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அடுத்த மாதமே, கொழும்பிலிருந்து இங்கே நவசேவா துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த 'வான் ஹை 503' தீப்பிடித்தது. 22 பேரில் 18 பேரை மீட்டார்கள், நான்கு பேர் காணாமல் போனார்கள். கடல் இரண்டையும் காட்டும்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. போனில் 'சாப்பிட்டாயா' என்று கேட்டபின், 'உன் லைஃப்போட் எது, கூடுமிடம் எங்கே' என்றும் கேளுங்கள். தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் இருக்கும் ஓர் அம்மா இதை வழக்கமாகவே வைத்திருக்கிறார். போன மாதம் மகன் புதிய கப்பலில் ஏறிய இரவு பேசியபோது, அவன் பதில் சொல்லத் தயங்கினானாம். 'போய்ப் பார்த்துவிட்டு வந்து கூப்பிடு' என்று போனை வைத்துவிட்டாராம். இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, 'வலது பக்கம், ஒன்றாம் எண்' என்றானாம்.